சந்தா நோட்டைத் திறப்பதற்கு முன்

புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் பள்ளிகளில் கவுன்சிலர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளையவர்கள் சிலர் ஒரு யோசனையோடு வருகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிதி திரட்டுவோம், எம்.எல்.சி. (மேலவை) தேர்தலில் நமக்காகப் பேசுகிறவருக்குக் கொடுப்போம், அமெரிக்காவில் உளவியலாளர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்கிறார்கள். கேட்கிற ஊர் சரியான ஊர்தான். 1869 முதல் அம்யூனிஷன் ஃபாக்டரி ஓடும் இடம் புனேயின் கட்கி. பாதுகாப்புத் துறை ஊழியர்களின் அகில இந்திய சம்மேளனத்துக்குத் தலைமையகமான எஸ்.எம். ஜோஷி பவன் இங்கேதான் அம்பேத்கர் சாலையில் இருக்கிறது. ஃபாக்டரி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பிறந்த எங்களுக்கு யூனியன் சந்தா, பால் கணக்கு மாதிரி மாதாமாதம் பழகிய சமாசாரம்.

யோசனை தப்பில்லை. வரிசைதான் தலைகீழ். பணத்தைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியதை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. கேட்பது என்ன என்று ஒரே தாளில் எழுதுங்கள். மராத்தியில் எழுதுங்கள். "எங்கள் தொழிலுக்கு மரியாதை வேண்டும்" என்பது கோரிக்கை ஆகாது. அதை வாங்கிக்கொள்ளும் எம்.எல்.ஏ. தலையாட்டுவார், ஒரு சால்வை போடுவார், அத்தோடு சரி. எந்த இலாகா, எந்த ஜி.ஆர். (அரசாணை), எத்தனை பணியிடம், சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து என்று இருந்தால்தான் அந்தத் தாள் மேஜை விட்டு மேஜை நகரும்.

இப்போது உங்கள் கையில் பலமான காகிதம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் நிறுவனத்தில், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சட்டம் வரும்வரை அதுவே கட்டுப்படுத்தும். ஆனால் நீதிமன்றம் ஆளை வை என்று சொல்லும். சம்பளத்துக்கான பட்ஜெட் தலைப்பை அது திறந்து கொடுக்காது. மானியம் பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் இல்லாவிட்டால் பி.டி. மாஸ்டருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்துக் கவுன்சிலர் என்று பலகை மாட்டிவிடுவார்கள். உங்கள் தாள் கேட்க வேண்டியது அந்தப் பணியிடத்தை.

இன்னொன்று. 1969-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் ஐந்நூறு மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. அதை மந்திராலயாவில் எடுத்துவைக்க வேண்டாம். கேட்பவர் சிரிப்பார். நம் உச்ச நீதிமன்றத்தின் 'நூறு மாணவர் இருந்தாலே ஒருவராவது' என்பதை எடுத்துவைத்தால் சிரிக்க முடியாது.

2. முதலில் வாக்காளராகுங்கள். இதைத்தான் விலாவாரியாகச் சொல்லப் போகிறேன். நிதி பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்ததில்லை.

மகாராஷ்டிர மேலவையில் 78 இடங்கள். அதில் ஏழு ஆசிரியர் தொகுதிகளுக்கு, ஏழு பட்டதாரித் தொகுதிகளுக்கு. புனே ஆசிரியர் தொகுதி, புனே பட்டதாரித் தொகுதி இரண்டுமே புனே, சாத்தாரா, சாங்லி, சோலாப்பூர், கோலாப்பூர் என்று ஐந்து மாவட்டங்களுக்குப் பரந்தவை. 2020 டிசம்பரில் தேர்வானவர்களின் ஆறாண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது.

ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போட, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில் கடந்த ஆறாண்டுகளில் மூன்றாண்டாவது கற்பித்திருக்க வேண்டும். படிவம் 19. அதில் பள்ளித் தலைவரின் சான்று வேண்டும். இங்கேதான் நமக்கு இடிக்கிறது. உங்கள் நியமன ஆணையில் "கவுன்சிலர்" என்று மட்டும் இருந்தால் தலைமையாசிரியர் பேனாவை எடுக்கவே யோசிப்பார். உளவியல் பாடம் எடுக்கிறவராகவும் ஆணையில் இருந்தால் வழி உண்டு. அதைச் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

பட்டதாரித் தொகுதியில் அந்தச் சிக்கல் இல்லை. பட்டம் பெற்று மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும், தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும். படிவம் 18. நம் தொழிலில் எம்.ஏ. இல்லாதவர் யார்? ஆனால் பலரும் கவனிக்காத விஷயம், இந்தப் பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்போல நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் நவம்பர் 1-ஐத் தகுதி நாளாக வைத்துப் புதிதாகத் தயாரிக்கிறார்கள். போன தடவை போட்டேனே என்று சும்மா இருந்தால் இந்தத் தடவை பெயர் இருக்காது. கட்சிக்காரர்கள் இதைத் தெரிந்துதான் படிவங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைகிறார்கள்.

ஓட்டும் விருப்ப வரிசையில் போடுவது: 1, 2, 3 என்று எண்ணால் எழுத வேண்டும். அதனால் முதல் விருப்பம் வேறொருவருக்கு என்று முடிவு செய்துவிட்டவர்கள்கூட இரண்டாவதை வைத்துப் பேரம் பேசலாம். சின்னக் கூட்டத்துக்கு இது பெரிய வசதி. இருநூறு பேர் சேர்ந்து கொடுக்கும் பணம் வேட்பாளருக்கு ஒரு நாள் மண்டப வாடகைக்குக் காணாது. இருநூறு பேரின் பெயர், பட்டியல் வரிசை எண், வீட்டார் நண்பர்களில் பட்டதாரிகள் யார் யார் என்று ஒரு நோட்டு இருந்தால் அவரே டீ வாங்கிக் கொடுப்பார்.

3. பெட்டி தனியாக இருக்கட்டும். பணம் சேர்த்தே தீருவோம் என்றால், இதை விட்டுவிட்டு எதையும் செய்யாதீர்கள்.

இங்கிலாந்தில் வால்டர் ஆஸ்போர்ன் என்று ஒரு ரயில்வே போர்ட்டர் இருந்தார். ரயில்வே ஊழியர் சங்கத்தில் கிளைச் செயலாளர். லேபர் கட்சிக்குப் போகிற சந்தாவை என்னிடம் எப்படிக் கட்டாயமாக வாங்கலாம் என்று சொந்தச் சங்கத்தின்மீதே வழக்குப் போட்டார். 1909-இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் அலறின. 1913-இல் சமரசமாகச் சட்டம் வந்தது: அரசியலுக்குச் செலவு செய்யலாம், ஆனால் தனி நிதியிலிருந்துதான், விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். அதே எண்ணம்தான் நம் 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் பதினாறாம் பிரிவில் வந்தது. தனி நிதி வைக்கலாம். எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாதவருக்குச் சங்கத்தின் எந்தச் சலுகையும் குறையக் கூடாது. அந்த நிதியை நிர்வகிப்பதில் மட்டும்தான் அவருக்குப் பங்கில்லை. உறுப்பினராகச் சேர அதை நிபந்தனையாக வைக்கவும் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் தனி நிதியையும் கட்டாயமின்மையையும் விட்டுவிடவில்லை.

எங்கள் சின்ன வயதில் சம்பள நாளன்று ஃபாக்டரி கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு யூனியன் ஆள் உட்கார்ந்திருப்பார். ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகி, பெயர், டோக்கன் நம்பர், தொகை, எந்தக் கணக்கு என்று அழுத்தி எழுதிக் கிழித்துக் கொடுப்பார். சந்தாவுக்கு ஒரு புத்தகம், மற்ற நிதிக்கு வேறு நிறத்தில் இன்னொன்று. அப்பா முதல் நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஸ்டூல்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். மறுநாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார்கள். வேண்டாம் என்று சொன்னவரோடு சேர்ந்து சாப்பிட முடிகிற சங்கத்தில்தான் தனிப் பெட்டிக்கு அர்த்தம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் கட்டாதவர்கள்" என்று பட்டியல் போடுகிற அன்றைக்கே அது போய்விடும். சொல்லிவிட்டேன்.

4. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பாருங்கள். நம்மைப் போன்ற தொழில்முறைச் சங்கங்கள் பெரும்பாலும் 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்து, மகாராஷ்டிரத்தில் தர்மதாயச் சட்டத்தின் கீழும் வருபவை. கருத்தரங்கு நடத்தவும் பயிற்சி கொடுக்கவும் திரட்டிய அந்தக் காசு வேட்பாளர் பக்கம் நகரவே கூடாது. வரிவிலக்குச் சான்று இருந்தால் இன்னும் மோசம். அந்தச் சங்கம் மனு கொடுக்கலாம், அறிக்கை வெளியிடலாம், அமைச்சரைப் பார்க்கலாம். வேட்பாளருக்குக் கொடுப்பதை அவரவர் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கிலிருந்து செய்யட்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அறக்கட்டளையோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இந்தப் பேச்சையே அங்கே எடுக்க வேண்டாம்.

5. அரசு ஊழியரா? ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, ஐந்தாம் விதி கட்சி உறுப்பினராவதைத் தடுப்பதோடு நிற்கவில்லை; அரசியல் இயக்கத்துக்குச் சந்தா கொடுப்பதையும் தடுக்கிறது. கேந்திரிய வித்யாலயா நிரந்தர ஊழியர்களுக்கும் அந்த விதிகள்தான். அங்கே கவுன்சிலர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்துத்தான் சொல்ல முடியும். ஓட்டுப் போட யாருக்கும் தடையில்லை.

6. கொடுக்கிறவர்கள் வங்கி வழியே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கட்சிகள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வரிவிலக்குப் போகும், 2017 முதல் அப்படி. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயர் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். போகட்டுமே, ஒளிக்க என்ன இருக்கிறது? கொடுத்தவர் பெயர் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வந்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெயர் வெளியே தெரிந்தால் சங்கடப்படும் தொகையைக் கொடுக்காமல் இருந்துவிடுங்கள்.

அன்பு மிகுதியில் வேட்பாளருக்காக நீங்களே பேனர் அடித்து மாட்டவும் வேண்டாம். அவருடைய எழுத்து அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்கோ கூட்டத்துக்கோ செலவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவில் குற்றம். பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.

7. அமெரிக்கா அமெரிக்கா என்கிறீர்களே, அங்கே எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் நடவடிக்கைக் குழு என்ற ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது பணக்காரக் கம்பெனி அல்ல, தொழிற்சங்கம். 1943-இல் சங்கப் பணத்தை நேராக வேட்பாளருக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டபோது, சி.ஐ.ஓ. என்ற சம்மேளனம் உறுப்பினர்களிடம் விருப்ப நன்கொடை வாங்கித் தனிக் குழு அமைத்தது. பிறகு டாக்டர்கள், வக்கீல்கள், உளவியலாளர்கள் எல்லோரும் அதே வழியில் வந்தார்கள். ஒருவர் ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் தர முடியாது. ஆண்டில் 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, தொழில், வேலை கொடுப்பவர் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும். சங்கம் தன் உறுப்பினர்களிடம் மட்டுமே கேட்கலாம், மிரட்டி வாங்கக் கூடாது. பார்த்தால் எல்லாம் ஆஸ்போர்ன் கேட்டதுதான். அந்தக் கட்டுப்பாடுகளை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் இங்கே கொண்டுவர நினைத்தால் அது வெறும் மொய்.

8. பிள்ளையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எம்.எல்.ஏ. முன்னால் உட்கார்ந்ததும் மனது துடிக்கும், போன வாரம் பார்த்த பையன் கதையைச் சொன்னால் இந்த மனிதர் உருகிவிடுவாரே என்று. பெயர் சொல்லவில்லையே என்று சமாதானமும் தோன்றும். ரேஞ்ச் ஹில்ஸ் குவார்ட்டர்ஸில் "எட்டாவது படிக்கிறான், அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மா ஊருக்குப் போனவள் திரும்பவில்லை" என்று மூன்று வரி சொல்லுங்கள். எந்த பிளாக், எந்த மாடி என்பதுவரை கேட்கிறவரோடு வந்த தொண்டருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் பஜாரில் அந்த அம்மாவின் அண்ணி காதுக்கு வரும். அடுத்த நாள் அந்தப் பையன் உங்கள் அறைக்கு வர மாட்டான். அவன் மட்டுமா? அவன் வகுப்பே வராது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியம் காக்கச் சொல்கிறது, போக்சோ வழக்கென்றால் அடையாளம் வெளியிடுவதே குற்றம். சட்டம் இருப்பதால் சொல்லவில்லை. நம் தொழிலுக்கு முதலீடு அந்த மூடிய கதவு ஒன்றுதான்.

எண்ணிக்கையைக் கொண்டு போங்கள். மாதம் எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்கு நேரம் கொடுக்க முடியவில்லை, பொதுத்தேர்வு மாதங்களில் எவ்வளவு ஏறுகிறது. சொந்தக் கதையைச் சொல்லப் பெற்றோர் தாமே முன்வந்தால் நல்லது. ஆனால் இப்போது உங்களிடம் வந்துகொண்டிருக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் நீங்கள் போய்க் கேட்காதீர்கள். பிள்ளை உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் மறுக்க முடியாது. அதே காரணத்துக்காகப் பெற்றோரிடம் நிதியும் வாங்கக் கூடாது, பத்து ரூபாயானாலும்.

9. நமக்குக் கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள், பிள்ளைக்குக் கேட்டால் கோப்பு நகரும். மகாராஷ்டிரத்திலேயே சாட்சி இருக்கிறது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் போன்ற சலுகைகள் இங்கே 1996-லேயே வந்தன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு இடம்பெற்றதற்கு இருபது ஆண்டு முன்பே. சலுகை பிள்ளைக்கு வந்தது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு ஐ.க்யூ. டெஸ்டும் மற்ற சோதனைகளும் வேண்டும், சோதிக்க ஆள் வேண்டும். இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சோதனைகளால் அடுப்பெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் உளவியலாளருக்கு வேலை கொடு என்று ஊர்வலம் போகவில்லை.

10. தோற்கவும் தயாராக இருங்கள். ஆள் பலம், சந்தா பலம், எழுபது வயதுத் தலைவர்களின் அனுபவம் எல்லாம் இருந்தும் பாதுகாப்புத் துறைச் சங்கங்களால் 2021-இல் ஆர்டினன்ஸ் ஃபாக்டரிகளைக் கம்பெனிகளாக்குவதைத் தடுக்க முடியவில்லை. ஜூன் 30 அன்று வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 1 அன்று ஆர்டினன்ஸ் ஃபாக்டரி வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. கட்கி ஃபாக்டரி இப்போது முனிஷன்ஸ் இந்தியா லிமிடெடில். ஆனாலும் சங்கத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது. தொழிலாளர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே டெபுடேஷனில் தொடர்கிறார்கள். அந்த டெபுடேஷனின் கெடு நீள்வதற்குச் சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்தன. கேட்டது முழுசாகக் கிடைக்காதபோது எதை மட்டும் விடக் கூடாது என்று முன்கூட்டியே உங்களுக்குள் பேசி வையுங்கள். நம் விஷயத்தில் அது தகுதி என்பேன். பணியிடத்தின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம்; பயிற்சியில்லாதவரைக் கவுன்சிலராக உட்கார வைப்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

11. எல்லாக் கட்சி வாசலுக்கும் போங்கள். உங்கள் ஓட்டு யாருக்கு என்பது உங்கள் சொந்தச் சமாசாரம், சங்கத்தின் தாளில் அது தெரியக் கூடாது. நாளைக்கு உங்கள் எதிரில் உட்காரும் பிள்ளை எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கும்.

12. தமிழ்நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இரண்டாவது அறிவுரையை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். அங்கே மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டது, ஆசிரியர் தொகுதியும் இல்லை பட்டதாரித் தொகுதியும் இல்லை. மற்றதெல்லாம் பொருந்தும்.

13. காலம் பார்த்துப் போங்கள். மகாராஷ்டிர பட்ஜெட் கூட்டத்தொடர் பிப்ரவரி-மார்ச் வாக்கில். அப்போது மனுவோடு மும்பைக்கு ரயிலேறுவதில் பயனில்லை, தொகை எல்லாம் முடிவாகியிருக்கும். தீபாவளிக்கு முன்பே கோரிக்கை கல்வித் துறைக்குள் போயிருக்க வேண்டும். அதற்கு மும்பை போகவும் தேவையில்லை. மாநிலப் பள்ளிக்கல்வி ஆணையர் அலுவலகம் நம் புனேயிலேயே இருக்கிறது. கட்கி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்தால் புனே ஸ்டேஷன், அங்கிருந்து சென்ட்ரல் பில்டிங் நடை தூரம். தாளை மூன்று பிரதியாக எடுத்துக்கொண்டு போங்கள். இன்வர்டு பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இரண்டாவதில் முத்திரையும் நம்பரும் போட்டு வாங்குங்கள். மூன்றாவதைத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கும்போது அந்த இன்வர்டு நம்பரை மேலே எழுதிக் கொடுங்கள். கட்கிக்காரர்களுக்குச் சிவாஜிநகர் தொகுதி. கன்டோன்மென்ட் போர்டு உறுப்பினரிடம் போகலாமே என்று கேட்பீர்கள். 2023 ஏப்ரலில் நடக்க வேண்டிய போர்டு தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள், இப்போதைக்கு அந்த வாசல் வேண்டாம்.